ஆல்டோ வரிசை

எங்கள் ஆச்சி அடுக்களையில் பாடிய பாட்டும் கோயிலில் பாடிய பாட்டும் வேறு வேறு என்று ஏழெட்டு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். வார்த்தைகள் ஒன்றுதான். மெட்டு வேறு. லெந்து நாட்களில் அம்மி முன்னால் உட்கார்ந்து அரைத்தபடியே பாடுவாள். ஒரே சுரத்தில் நாலைந்து எழுத்து நிற்கும். அரைப்படி கீழே இறங்கும். மறுபடி பழைய இடத்துக்கே வந்து உட்காரும். பெரிய வெள்ளியன்று பாளையங்கோட்டையில் கோயில் நிறையக் கூட்டம் அதே வார்த்தைகளை எங்கோ உயரே ஏறி இறங்கிப் பாடியபோது எனக்குக் குழப்பமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, “ஏன் ஆச்சி நீங்க தப்பாப் பாடுறீங்க?” என்று கேட்டேன்.

“தப்பு இல்லளா. அது சோப்ரானோ. போர்டிங்ல எனக்கு ஆல்டோதான் குடுத்தாவ. நான் அதைத்தான் படிச்சேன்.”

நான்கு குரல் பாட்டில் மேலே நிற்பது சோப்ரானோ. கேட்பவர் காதில் தங்குவது அதுதான். அடியில் பேஸ். நடுவில் டெனரும் ஆல்டோவும். ஆல்டோ இல்லாவிட்டால் பாட்டு ஒல்லியாகிவிடும், ஆனால் ஆல்டோவை யாரும் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஆச்சி அறுபது வருடம் முணுமுணுத்தாள். பதின்மூன்று வயதில் என்னையும் கொயரில் அந்த வரிசையிலேயே நிறுத்தினார்கள். நான் அந்த மெட்டைச் சிறுவயதிலேயே மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தது கொயர் மாஸ்டருக்கு ஆச்சரியம்.

அந்தப் பாட்டின் வயது எனக்குத் தெரிந்தது இசை படிக்கப் போன பிறகு. மெட்டு 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட காதல் பாட்டினுடையது. அரை நூற்றாண்டு கழித்துப் பால் கெர்ஹார்ட், சிலுவையில் காயப்பட்ட தலையைப் பார்த்து உருகும் ஜெர்மன் வரிகளை எழுதினார். அவை இந்த மெட்டில் பாடப்பட்டன. 1727இல் யோஹான் செபாஸ்டியன் பாக் தம் மத்தேயு பாடுகளில் இதைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் வேறு சுரச்சேர்க்கையோடு பயன்படுத்தினார். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் பாக் இறந்த 1750 வரையான ஐரோப்பிய இசையைப் பரோக் என்கிறார்கள். போர்த்துகீசியத்தில் வடிவு கோணிய முத்துக்குச் சொல்லும் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்தது என்பார்கள். முத்துக்குளித்துறைக்குப் போர்த்துகீசியர் வந்த கதையும், தாமிரபரணி கடலில் விழும் இடத்துக்கு அருகே கொற்கை என்றொரு முத்துத் துறைமுகம் இருந்த கதையும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாங்கள். அதனால் அந்தச் சொல் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ஆச்சி அந்தச் சொல்லைக் கேட்டதே கிடையாது. அவள் அறுபது வருடம் பாடியது அதைத்தான்.

பரோக் இசையின் நவீன வரவேற்பு என்று பாடப்புத்தகத்தில் ஓர் இயல் இருந்தது. அது 1829இல் பெர்லினில் தொடங்கியது. மறக்கப்பட்டுக் கிடந்த மத்தேயு பாடுகளை இருபது வயது ஃபீலிக்ஸ் மெண்டல்சன் மீட்டு நடத்தினார் என்பது கதை. நடத்தினார், உண்மைதான். ஆனால் அந்தச் சுரப்பிரதியின் நகல் அவர் கைக்கு வந்தது பாட்டி பெல்லா சாலமோன் கொடுத்த பரிசாக. பெல்லாவின் தங்கை சாரா லெவி ஹார்ப்சிகார்டு வாசிப்பவர். பாக்கின் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமனிடம் நேரடியாகப் பாடம் கேட்டவர். பாக் குடும்பத்தின் கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்துப் பாதுகாத்தவர். மறக்கப்பட்டது என்று எழுதப்பட்ட அந்த நூற்றாண்டில் பாக் இந்தப் பெண்களின் வரவேற்பறையில் உயிரோடுதான் இருந்தார்.

இந்த வளைவு எங்கள் ஊரிலும் உண்டு.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவுக்குப் பின்னால் நின்றது ஹாலே நகரம். அப்போது பாக்கிற்கு இருபத்தொரு வயது. ஹாலேயில் அச்சான ஃப்ரைலிங்ஹௌசனின் பாட்டுப்புத்தகம் அன்றைய ஜெர்மன் வீடுகளில் புழங்கியது; அந்த மரபில் வளர்ந்த மிஷனரிகள் மெட்டுகளை அப்படியே வைத்துக்கொண்டு வார்த்தைகளை மட்டும் தமிழாக்கினார்கள். சென்னை வேப்பேரியில் இருந்த ஃபெப்ரீஷியஸ் அதில் பெரிய கை. ஆக, ஐரோப்பாவில் பரோக் முடியும் முன்பே தமிழில் அது பாடப்பட்டுக்கொண்டிருந்தது. இங்கே அதற்கு மறுகண்டுபிடிப்பு தேவைப்படவில்லை.

பாளையங்கோட்டைக்கு அந்த மரபைக் கொண்டுவந்தவர் ஒரு பெண். தஞ்சாவூர்ப் பிராமண விதவை, உடன்கட்டையிலிருந்து லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி மீட்டதாகச் சொல்லப்படுபவர், அவரோடு வாழ்ந்தவர். மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறார் என்பதால் ஷ்வார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல் பாளையங்கோட்டையில் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர்; முதல் பெயர் அவருடையது. அவர் முயற்சியில் எழுந்து 1785இல் பிரதிஷ்டையான கோயிலை ஊர்க்காரர்கள் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றுதான் சொல்வார்கள். உபதேசியார் வேண்டும் என்று கேட்கத் தஞ்சாவூர் வரை போனவரும் அவரே. தஞ்சைச் சபை ஜெர்மன் மெட்டுகளில் ஊறிய சபை. அங்கிருந்து வந்த உபதேசியார் பாட்டில்லாமல் வந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம். திருநெல்வேலியில் ஞானப்பாட்டின் வரலாறு என்றால் இங்கே பிறந்து ஷ்வார்ட்ஸிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியாரிடமிருந்து தொடங்குவார்கள். அவர் பெரிய கவிஞர். அதில் எனக்கு மறுப்பில்லை. கிளாரிந்தா ஞானஸ்நானம் பெற்றபோது அவருக்கு மூன்று வயது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். எங்கள் கொயரில் ஸ்டாஃப் நொட்டேஷன் தெரிந்தவர்கள் ஒன்றிரண்டு பேர். மற்றவர்களுக்கெல்லாம் டானிக் ஸோல்ஃபா: டோ, ரே, மீ என்பவற்றின் முதலெழுத்துகள், தாளத்துக்கு முக்காற்புள்ளிகள். அதைக் கண்டுபிடித்தவர் ஜான் கர்வென் என்று சொல்லித்தந்தார்கள். அவர் பரப்பியவர். அடிப்படையை அமைத்தவர் நாரிச் நகரத்தில் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சாரா ஆன் குளோவர். 1835இல் புத்தகமும் போட்டார். ஏழாம் சுரத்தை ‘ஸீ’ என்பதிலிருந்து ‘டீ’ என்று மாற்றியதும் அவர்தான். ‘ஸோ’வும் ‘ஸீ’யும் ஒரே எழுத்தில் தொடங்கினால் குழந்தைகள் குழம்பும் அல்லவா? கர்வென் அதைத் தம் போக்கில் திருத்தி உலகம் முழுக்க அனுப்பினார். ஆச்சியின் போர்டிங் வரை வந்து சேர்ந்தது.

இனி என் தவறுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

எம்.ஃபில். பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஆபிரகாம் பண்டிதர். எங்கள் பக்கத்துக்காரர். 1859 ஆகஸ்ட் 2 அன்று தென்காசிக்கு அருகே சாம்பவர் வடகரையில், நாடார் சமூகத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அதற்கு ஒரு வாரம் முன்னால், ஜூலை 26 அன்றுதான், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்திருந்தது.  பக்கத்துச் செங்கோட்டை அந்த அரசின் கீழ்தான் இருந்தது. பண்டிதரின் வாழ்க்கை வரலாற்றில் இந்தத் தேதியைச் சேர்த்து எழுதினால் என்ன என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி, சடையாண்டி பத்தரிடம் இசை, சுருளி மலையில் கருணானந்தரிடம் மருத்துவம். 1882இல் ஞானவடிவு பொன்னம்மாளோடு திருமணம். அடுத்த வருடம் இருவரும் தஞ்சாவூர் போய்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றார்கள். பிறகு பண்டிதர் வேலையை விட்டு மருத்துவத்தில் இறங்கினார்; மருந்துகள் பெரும் பணம் தந்தன. அந்தப் பணம் இசைக்குப் போயிற்று. 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, 1916 வரை ஏழு மாநாடுகளை நடத்தினார். 1917இல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய ‘கருணாமிர்த சாகரம்’ வெளிவந்தது. 1919இல் காலமானார்.

அவர் கேள்வி என்ன? அதைச் சொல்ல மறுபடி பாக்கின் காலத்துக்குப் போக வேண்டும். ஸவிலிருந்து ப, அந்தப் பவை ஸவாக வைத்து அதற்கு ஒரு ப என்று பன்னிரண்டு தடவை ஏறினால் ஏழு ஸ்தாயி தாண்டி மறுபடி ஸவில் வந்து நிற்க வேண்டும். கணக்கு ஒத்துவராது. இயற்கையான பஞ்சமத்தின் விகிதம் ஒன்றரை. ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75 அளவில் வரும். ஏழு ஸ்தாயி என்றால் இரண்டை ஏழு முறை பெருக்குவது: 128. வட்டம் மூடாமல் ஒரு கீற்று இடைவெளி நிற்கிறது. அந்தக் கீற்றை எங்கே ஒளிப்பது என்பதுதான் பரோக் காலத்தில் ஆர்கனும் ஹார்ப்சிகார்டும் சுருதி சேர்த்தவர்களின் தலைவலி. 1722இல் பாக் இருபத்துநான்கு சுரநிலைகளிலும் வாசிக்க ஒரு தொகுப்பு எழுதி, ‘நன்றாகச் சுருதி சேர்த்த விசைப்பலகை’ என்று பெயரிட்டார். எப்படிச் சேர்த்தது என்று சொல்லவில்லை. இன்றுவரை அதற்காகச் சண்டை போடுகிறார்கள். எல்லாப் பஞ்சமத்தையும் ஒரே அளவு மிகமிகச் சிறிதாகக் குறைத்துவிட்டால் வட்டம் மூடிவிடும் என்பது ஒரு விடை; இன்றைய பியானோ அப்படித்தான்.

பண்டிதர் இதே விடையைச் சிலப்பதிகாரத்தில் கண்டார். உ.வே.சா. 1892இல் அடியார்க்குநல்லார் உரையோடு அதைப் பதிப்பித்திருந்தார். இளி முறையில், அதாவது பஞ்சமம் பஞ்சமமாக, ஏறிப் பண்ணை மாற்றும் முறையை உரையில் படித்த பண்டிதர், வட்டம் மூடுகிறதென்றால் இடைவெளிகள் சமமாகத்தான் இருந்தாக வேண்டும் என்று வாதிட்டார். ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24, மேலும் நுட்பமாக 48, 96. சார்ங்கதேவர் வழியில் 22 சுருதி என்று சொல்லிக்கொண்டிருந்த வித்துவான்களுக்கு இது கோபமூட்டியது. பண்டிதரின் கணக்கு எனக்குப் பிடிக்கும். முடிவு முழுக்கப் பிடிக்காது. கமகத்தில் அசையும் சுரத்தை இருபத்துநான்கில் எந்தப் படியில் நிறுத்துவது? உரையில் இல்லாத துல்லியத்தை அவர் உரைக்குக் கொடுத்துவிட்டார் என்றும் நினைக்கிறேன். ஆனாலும் ஜெர்மன் ஆர்கன்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வியை நேருக்கு நேர் பார்த்து, அதைத் தமிழ்ப் பாட்டின் கேள்வியாக மாற்றிக் கேட்ட துணிச்சல் லேசானதல்ல.

சிலம்பில் அந்த வட்டம் எங்கே வருகிறது என்று பாருங்கள். ஆய்ச்சியர் குரவையில். மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரைச் சூட்டி வட்டமாக நிறுத்துகிறாள். தமிழிசைக் கோட்பாட்டின் ஆதாரமாக அறிஞர்கள் எல்லாரும் எடுத்துக்காட்டும் இடம் இது. பண்டிதரைப் படித்த காலத்தில் இந்தக் காட்சியைக் கோட்டுப்படமாக வரைந்துவைத்திருந்தேன்: ஒரு வட்டம், ஏழு புள்ளிகள். புள்ளி ஒவ்வொன்றும் மாடு மேய்க்கிற வீட்டுப் பெண் என்பது படத்தில் தெரியாது. சுரத்தின் பெயர் வந்ததும் சொந்தப் பெயர் போய்விட்டது.

1916 மார்ச் 20 முதல் 24 வரை பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. பாத்கண்டே முன்னின்று நடத்தினார். கெய்க்வாட் மன்னரின் ஆதரவு. சுருதி எத்தனை என்பதே அங்கே பெரிய விவாதம். இன்னொரு பக்கத்தில் கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியும் தேவலும் 22 சுருதிக்காகச் செய்வித்த ஹார்மோனியத்தோடு வந்திருந்தார்கள். பண்டிதர் தம் மகள்களை அழைத்துப் போனார். மரகதவல்லியும் கனகவல்லியும் அந்தச் சபையில் வீணை இசைத்தும் பாடியும் தந்தையின் சுருதிகளைச் செய்து காட்டினார்கள்.

என் ஆய்வேட்டில் இந்த நிகழ்ச்சி ஓர் அடிக்குறிப்பு. ‘பண்டிதர் தம் மகள்களைக் கொண்டு நிரூபித்தார்’ என்று எழுதியிருந்தேன். ஹார்மோனியத்தைக் கொண்டு நிரூபித்தார் என்று எழுதுவதைப் போலவே. முதல் வரைவில் அவர்களுக்கு நாலு பக்கம் ஒதுக்கியிருந்தேன். “குடும்ப விஷயமெல்லாம் எதுக்கும்மா? தலைப்பை விட்டு விலகிப் போகுது” என்றார் வழிகாட்டி. நான் எதிர்த்துப் பேசவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அன்று நம்பினேன். நாலு பக்கத்தை நாலு வரியாக்கியது என் கைதான்.

அந்த நாலு வரியில் விட்டுப்போனதை இப்போது யோசிக்கிறேன். பன்னிரண்டு சுரத்தைப் பிசகில்லாமல் பாடவே வருடங்கள் வேண்டும். இரண்டு சுரத்துக்கு நடுவே இன்னொரு படி இருக்கிறது, இதோ என்று எதிரணி அறிஞர்கள் முன்னால் தொண்டையால் தொட்டுக் காட்ட வேண்டுமென்றால்? வீணையில் ஒரு ஸ்தாயிக்கு மெட்டுகள் பன்னிரண்டு; நடுப்படிக்குத் தந்தியை எவ்வளவு இழுப்பது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காகிதத்தில் இருந்த எண் ஒலியானது அவர்களிடம்தான். அதற்கு எத்தனை நாள் சாதகம் செய்திருப்பார்கள்? எங்கே அந்தக் கணக்கு இடித்திருக்கும்? கோட்பாட்டின் குறையை முதலில் உணர்ந்த காதுகள் அவர்களுடையவையாகத்தான் இருந்திருக்கும். ஆய்வேட்டில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.

மேடையையும் யோசிக்க வேண்டும். 1916இல் சபை நடுவே உட்கார்ந்து வாசிக்கிற தமிழ்ப் பெண் என்றால் பெரும்பாலும் தேவதாசி மரபிலிருந்து வந்தவர். அவர்களுடைய கலையை ரசித்துக்கொண்டே அவர்களை இழிவாகப் பேசுவதும் நடந்துகொண்டிருந்த காலம். ‘குடும்பப் பெண்’ மேடையேறுவது அபூர்வம். இந்தச் சகோதரிகளுக்கு வழிவிட்டது மாநாடு என்ற வடிவம். கச்சேரி என்றால் பெண் பாடுகிறாள். மாநாடு என்றால் கோட்பாடு விளக்கப்படுகிறது. ஆய்வுக்கூடக் கருவிக்கு யாரும் ஒழுக்கம் பார்ப்பதில்லை. அந்தப் போர்வையின் கீழ் இரண்டு பெண்கள் இந்தியாவின் முதன்மையான இசையறிஞர்கள் முன்னால் வாசித்துவிட்டு வந்தார்கள். அனுமதியும் அதுதான், அதற்குக் கொடுத்த விலையும் அதுதான். இதற்கு நான் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று இன்னும் தீர்மானிக்கவில்லை. பெரியப்பா மகளிடம் சொன்னபோது, “பரோடா வரைக்கும் ரயில்ல போயிட்டு வந்தாங்கல்லா? அதுக்கே சந்தோஷப்படு” என்றாள்.

பரோடாவில் எந்தச் சுருதியும் வெல்லவில்லை. ஹார்மோனியமும் வெல்லவில்லை. தென்னிந்திய மேடை இரண்டு கணக்கையும் ஓரமாக வைத்துவிட்டுத் தன் போக்கில் பாடியது. பண்டிதரைத் தமிழிசை இயக்கத்தின் முன்னோடியாகப் பின்னால் வந்தவர்கள் மீட்டெடுத்தார்கள். மகன் வரகுண பாண்டியன் யாழையும் வீணையையும் பற்றிப் ‘பாணர் கைவழி’ எழுதினார். கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் புத்தகம் பண்டிதரின் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1946இல் அதை வெளியிட்டவர் மரகதவல்லி துரைப்பாண்டியன். பரோடாவுக்கு முப்பது வருடம் கழித்து. அதற்குள் ஒரு திருமணம், ஒரு வீடு, இரண்டு உலகப் போர்கள். ராகங்களைப் பற்றிய அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தவர்கள், எந்தச் சுரத்தை எப்படித் தொட வேண்டும் என்று தன் விரலில் வைத்திருந்த ஒருவர் வெளியிட்ட நூல் என்று எண்ணிப் பார்த்தார்களா? நான் பார்க்கவில்லை. மேற்கோள் எடுத்தேன், பக்க எண் போட்டேன், ஆசிரியர் பெயர் எழுதினேன்.

போன வருடம் அந்த நாலு பக்கத்தைப் பழைய பெட்டியில் தேடினேன். கிடைக்கவில்லை. புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

ஆச்சி கடைசிக் காலத்தில் எங்கள் பெயரையெல்லாம் மறந்துவிட்டாள். பாட்டை மறக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் படுத்தபடி அந்தப் பெரிய வெள்ளிப் பாட்டைத் தொடங்கினாள். அதே கீழ் வரி. நின்று, அரைப்படி இறங்கி, திரும்பி வருகிற அதே வரி. நான் கைப்பேசியில் பதிவு செய்து துபாயில் இருக்கும் தம்பிக்கு அனுப்பினேன். கேட்டுவிட்டு உடனே கூப்பிட்டான்.

“பாவம்க்கா, ஆச்சிக்கு ராகமெல்லாம் மறந்துபோச்சு போல.”

“மறக்கல ல. அவ ஆல்டோ பாடுதா” என்றேன்.